அறிவியல் திருவிழா நடத்தப் போகிறோம். அப்பத்தாக்களும் உட்கார்ந்து பார்க்க என்ன செய்யலாம்?

முற்றத்துவெயில் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய ஒரு ஊரில், அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். தேசிய அறிவியல் தினமான பிப்ரவரி 28 இந்த முறை சனிக்கிழமை. அன்றும் மறுநாள் ஞாயிறும் ஊருக்குள்ளேயே ஒரு அறிவியல் திருவிழா நடத்தலாம் என்று நானும் இன்னும் மூன்று ஆசிரியர்களும் முடிவு செய்திருக்கிறோம். பூட்டியே கிடக்கும் ஒரு பெரிய வீட்டை, பங்காளிகள் எல்லாரும் சம்மதித்து, இரண்டு நாளைக்குத் திறந்து தருகிறார்கள். முகப்பு, வளவு (முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), இரண்டாம் கட்டு எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன. கையில் இருப்பது 15,000 ரூபாய்.

என் பயம் வேறு. இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு ஊரில் நடந்த அறிவியல் விழாவுக்கு 40 பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். மேடையில் பொன்னாடை போர்த்தி முடிக்கவே இரண்டரை மணி நேரம் ஆனது. அதுவரை பிள்ளைகள் பந்தலுக்கு வெளியே வெயிலில் இருந்தார்கள். அப்புறம் அரங்குகளுக்குள் விட்டார்கள். மேசைக்கு மேசை தெர்மாகோல் மாதிரிகள், பக்கத்தில் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கும் மாணவர்கள், ஒவ்வொன்றின் முன்னாலும் ‘தொடாதே’ என்று ஒரு அட்டை. என்னிடம் ஆறாம் வகுப்பு படித்த ஒரு பெண், எரிமலை மாதிரியைக் காட்டி, “டீச்சர், இது ஏன் பொங்குது?” என்று கேட்டாள். அங்கே நின்ற பையனுக்குப் பதில் தெரியவில்லை. அதில் அவன் தவறு எதுவும் இல்லை, அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு பிள்ளைகூட அந்த விழாவைப் பற்றிப் பேசவில்லை. அது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் அப்பத்தாவுக்கு 78 வயது. “அதெல்லாம் படிச்ச பிள்ளைகளுக்குடி, நான் வந்து என்ன பண்ணப் போறேன்” என்கிறார். ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளை முதல் அப்பத்தா வரை எல்லாரும் நின்று பார்க்கிற மாதிரி, செலவில்லாமல் என்ன செய்யலாம்? பேச்சு எவ்வளவு நேரம் வைக்கலாம்? இப்படி நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

முலாம்பட்டறை

டீச்சரம்மா, காரைக்குடியில் ஒரு ஆய்வகத்தில் 31 வருடம் டெக்னீஷியனாக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாள்களில் மேசைக்குப் பின்னால் நின்று செய்து காட்டியது என் வேலை. எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் அந்த வீட்டைச் சரியாகப் பாருங்கள். முகப்பு வாசலில் நின்றால் கொல்லை வாசல் தெரியும், இல்லையா? நிலைக்கு நிலை நேராக வைத்த வீடு. இவ்வளவு நீளமான நேர்கோடு எந்தப் பள்ளிக்கூட லேபிலும் கிடையாது. அதை விட்டுவிட்டு மேசை போட்டு மாதிரி வைக்காதீர்கள்.

ஒரு சின்ன முகக்கண்ணாடி எடுங்கள். அதன்மேல் கறுப்புத் தாள் ஒட்டி, நடுவில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு முக்கோணமாக ஒரு ஓட்டை வெட்டுங்கள். காலை ஒன்பது, பத்து மணிக்கு முற்றத்து வெயிலில் ஒரு நாற்காலியில் வைத்து, ஒளியைக் கட்டுகள் வழியாக உள்ளே அனுப்புங்கள். கடைசி அறையைச் சுற்றி மூடி இருட்டாக்கி, வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டுங்கள். கண்ணாடிக்கு ஒரு அடி தள்ளி அட்டையைப் பிடித்தால் முக்கோணம் விழும். அட்டையோடு மெதுவாகப் பின்னால் நடந்தால் முனைகள் மழுங்கிக்கொண்டே போகும். 20 மீட்டரில் உள்ள வேட்டியில் விழுவது வட்டம்தான், அகலம் கிட்டத்தட்ட ஒரு சாண். அது ஓட்டையின் வடிவம் இல்லை, சூரியனின் உருவம். தூரத்தை 107-ஆல் வகுத்தால் உருவத்தின் அகலம் ஏறக்குறைய வந்துவிடும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் டேப் பிடித்து அளந்து, சூரியனின் அகலத்தை விட அதன் தூரம் நூறு மடங்குக்கு மேல் என்று தாங்களே கண்டுபிடிக்கட்டும்.

இதில் உயிரான இடம் இனிமேல்தான். அந்த வட்டத்தைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு, எல்லாரையும் பேசாமல் உட்காரச் சொல்லுங்கள். யாரும் கண்ணாடியைத் தொடக் கூடாது. வெளிச்சம் தானாக நகர ஆரம்பிக்கும். இரண்டு நிமிடத்தில் கோட்டை விட்டு முழுதாக வெளியே போய்விடும். பூமி சுற்றுகிறது என்று புத்தகத்தில் ஆயிரம் தடவை படித்திருப்போம். அது வேட்டியில் நகர்ந்து போவதைப் பார்க்கும்போது அறையே அமைதியாகிவிடும். இதற்கு வயது வித்தியாசம் கிடையாது, படிப்பும் வேண்டாம். ஒன்றே ஒன்றில் கண்டிப்பாக இருங்கள்: சூரியனையோ, கண்ணாடியில் தெரியும் சூரியனையோ யாரும் நேராகப் பார்க்கக் கூடாது. ஒளி போகும் பாதையின் இரண்டு பக்கமும் கயிறு கட்டி, பொறுப்பான ஒருவரை அங்கேயே நிற்க வையுங்கள்.

அப்புறம் அப்பத்தா விஷயம். அவர்களிடம் நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதிலிருந்து ஆரம்பியுங்கள். ஆரத்தித் தட்டை அவர்கள் கையிலேயே கொடுத்து, தண்ணீரில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் கரைக்கச் சொல்லுங்கள், சிவக்கும். அதில் எலுமிச்சைச் சாற்றைப் பிழியச் சொல்லுங்கள், திரும்ப மஞ்சளாகும். ஆரத்தி கரைத்துப் பழகிய கைகள்தான், ஆனால் அதில் எலுமிச்சை பிழிந்து பார்த்தவர்கள் குறைவு. மஞ்சள் ஒரு காட்டி (அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டும் பொருள்), சுண்ணாம்பு காரம், எலுமிச்சை அமிலம் என்று அதற்குப் பிறகு சொன்னால் போதும். மஞ்சள் கரைசலில் தோய்த்துக் காயவைத்த தாளில் சுண்ணாம்புத் தண்ணீரால் தங்கள் பெயரைச் சிவப்பில் எழுதி, சின்னப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போகட்டும்.

அதே வெற்றிலைச் சுண்ணாம்பை முதல் நாள் இரவே நிறையத் தண்ணீரில் கலக்கி வைத்தால், காலையில் மேலே தெளிந்திருக்கும். அந்தத் தெளிவை ஒரு தம்ளரில் எடுத்து, உறிஞ்சுகுழலால் ஊதச் சொல்லுங்கள். நம் மூச்சிலிருக்கும் கரியமில வாயு பட்டுப் பால் போலக் கலங்கும். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் மட்டும் ஊதட்டும், தவறி உறிஞ்சிவிடக் கூடாது. ஊதி முடித்ததும் அவர்களை அந்த வீட்டுச் சுவரைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். சுண்ணாம்புப் பூச்சு இறுகியதும் இதே வழியில்தான், காற்றிலிருக்கும் அந்த வாயுவை வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லாக மாறுகிறது. தம்ளரில் ஒரு நிமிடத்தில் பார்த்தது சுவரில் வருடக் கணக்கில் நடந்திருக்கிறது.

முலாம் பூசுவதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசல், ஒன்றரை வோல்ட் பேட்டரி, ஒரு செம்புத் துண்டு, ஒரு பழைய பித்தளைச் சாவி. செம்பைப் பிளஸ்ஸிலும் சாவியை மைனஸிலும் கட்டினால் சில நிமிடத்தில் சாவி ரோஜா நிறமாகும். பக்கத்துத் தம்ளரில் ஒரு இரும்பாணியைச் சும்மா போட்டு வையுங்கள். கரண்ட் இல்லாமலே அதில் செம்பு ஏறும், ஆனால் விரலால் தேய்த்தால் உதிரும். இரண்டும் ஏன் வேறு என்ற கேள்வி தானாக வரும். மயில்துத்தம் விஷம், ஆகவே கையுறை போட்ட பெரியவர்தான் இதைச் செய்ய வேண்டும். மிஞ்சியதை ஊரணியிலோ சாக்கடையிலோ ஊற்றிவிடாதீர்கள், மீன் செத்துப்போகும். கேனில் அடைத்து வையுங்கள், நான் வந்து வாங்கி ஏதாவது கல்லூரி வேதியியல் துறையில் சேர்த்துவிடுகிறேன்.

இந்த மின்வேதியியலுக்கும் நம் மண்ணுக்கும் உறவு உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடிக்கு வந்தது. 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 பொங்கல் சமயத்தில் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார்.

பேச்சைப் பற்றிக் கேட்டீர்கள். 20 நிமிடம் பேச்சு, 40 நிமிடம் கேள்வி. மேடையே வேண்டாம், பட்டாலைக் கூடத்தில் பாய் விரித்து உட்காருங்கள். என்ன பேசுவது என்றால் ஃபாரடேயைப் பற்றிப் பேசுங்கள். லண்டனில் புத்தகம் பைண்டிங் பழகிக்கொண்டிருந்த ஏழைப் பையன் அவர். 1812-ல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் டிக்கெட் கொடுத்ததால், ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் வேதியியலர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்கப் போனார். கேட்டதையெல்லாம் எழுதி, தானே பைண்டு செய்து, டேவிக்கே அனுப்பினார். அடுத்த வருடம் டேவியின் உதவியாளராகச் சேர்ந்துவிட்டார். நான் வாழ்நாள் முழுக்கப் பிழைத்த மின்னாற்பகுப்பு விதிகள் அவர் கண்டவை. 1825-ல் அதே ராயல் இன்ஸ்டிட்யூஷனில் தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் சிறுவர்களுக்காக இன்றும் நடக்கின்றன. ஒரே ஒரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு ஃபாரடே அங்கே ஆறு சொற்பொழிவு ஆற்றியிருக்கிறார். உங்கள் ஊரிலும் யாரோ ஒரு பையன் அந்தப் பாயில் வந்து உட்காருவான் டீச்சரம்மா. அவன் கேட்க நினைத்ததைக் கேட்பதற்கு நேரம் இருக்க வேண்டும்.

தேவகோட்டை மீனா

ஐயா சொன்னதெல்லாம் அருமை. எனக்கு முழங்கால் வலியுள்ள மாமியாரும் நான்கு வயது மகனும் இருக்கிறார்கள். அந்த அனுபவத்தில் சில விஷயங்கள் சொல்கிறேன்.

பழைய வீடுகளில் முகப்புப் படி உயரம், நிலைக்கு நிலை வாசற்படி வேறு. ஒரு பக்கமாவது சாய்வாகப் பலகை போட்டு, பிடித்து ஏற ஒரு ஆள் நிற்கட்டும். இருட்டறைக்குள் விடும்போது சின்னப் பிள்ளைகள் பயப்படுவார்கள், அதனால் கதவோரத்தில் அம்மாவோடு உட்கார இடம் கொடுங்கள். பூட்டிக் கிடந்த வீடு என்கிறீர்கள், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லையென்றால் பெண்கள் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்க மாட்டார்கள்.

அடுப்படியையும் விட்டுவிடாதீர்கள். வெள்ளைப் பணியார மாவை நாம் புளிக்க வைப்பதில்லை, சோடாவும் போடுவதில்லை. அப்படியிருக்க எண்ணெயில் விழுந்ததும் ஏன் உப்புகிறது? மாவிலிருக்கும் தண்ணீர் ஆவியாகி உள்ளிருந்து தள்ளுகிறது. எண்ணெய் காயாதபோது ஒன்று, காய்ந்த பிறகு ஒன்று ஊற்றிக் காட்டினால் போதும். இதைச் சொல்ல ஒரு ஆச்சியையே பேச்சாளராக அழையுங்கள். நான் சுட்டுக் கொடுக்க வருகிறேன்.

கண்ணாடிக்கல்

டீச்சர், எனக்கு ஆத்தங்குடி. மூன்று தலைமுறையாகத் தரையில் பதிக்கும் கல் (டைல்ஸ்) போடுகிறோம். சுண்ணாம்பு காற்றைக் குடித்து இறுகும் என்று ஐயா எழுதியதைப் படித்ததும் பதில் போட வேண்டும் என்று தோன்றியது. எங்கள் கல் இறுகுவது அப்படி இல்லை. கண்ணாடியின் மேல் சட்டம் வைத்து, அச்சுக்குள் வண்ணக் கலவையை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே சிமெண்டும் மணலும் போட்டு மட்டம் செய்வோம். வெயிலில் காட்டிய பிறகு தொட்டித் தண்ணீருக்குள் பல நாள் போட்டு வைப்போம். சூளையில் சுடுவதே கிடையாது. காய்வதால்தான் சிமெண்ட் இறுகுகிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். தண்ணீரோடு சேர்ந்துதான் அது இறுகும், தண்ணீர் பற்றாவிட்டால் கல் பலமிழந்துவிடும். கடைசியில் கண்ணாடி தானாக விடும். அந்த வழவழப்பு முழுக்கக் கண்ணாடியிடமிருந்து வந்தது, நாங்கள் பாலிஷ் போடுவதில்லை.

ஞாயிறு முழுநாளும் வருகிறேன். ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் ஒரு அச்சில் வண்ணம் ஊற்றட்டும். கல்லைத் தொட்டியில் போட்டு எடுத்து, இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன். கூலி எதுவும் வேண்டாம், சிமெண்டுக்கு மட்டும் கொடுங்கள்.

முற்றத்துவெயில்

மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை, சாவியை வாங்கி அந்த வீட்டைத் திறந்து ஒத்திகை பார்த்தோம். தண்ணீர்த் தொட்டியில் பாசி இருக்கிறது, சுத்தம் செய்ய ஆள் சொல்லிவிட்டேன். மீனா, அதை முதலில் பார்க்கச் சொன்னீர்களே, நல்லவேளை.

அப்பத்தாவை வீட்டைப் பெருக்கிக் கொடுக்க வேண்டும் என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். கண்ணாடியை வைத்தோம். முதலில் வட்டம் வேட்டிக்கு மேலே சுவரில் விழுந்தது, நாற்காலிக் காலுக்கு அடியில் செங்கல் துண்டு வைத்துச் சரிசெய்தோம். பென்சில் கோடு போட்டுவிட்டு உட்கார்ந்தோம். விளிம்பு கோட்டைத் தாண்டியதும் அப்பத்தா, “யாரது கண்ணாடிய ஆட்டுறது?” என்று சத்தம் போட்டார். யாரும் ஆட்டவில்லை என்று முற்றத்துக்கு எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மறுபடி கோடு போடச் சொன்னார். மூன்று தடவை போட்டோம்.

அப்புறம் முக்கோண ஓட்டையைக் காட்டி, எப்படி வட்டமானது என்று என்னைக் கேட்டார். நான் விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே நிறுத்திவிட்டு, “நம்ம கொல்லை வேப்பமரத்தடியில வெயில் வட்டம் வட்டமாத்தான விழும்? இலைக்கு நடுவுல இருக்கிற சந்து எதுவும் வட்டம் இல்லையே. அதுதானா இது?” என்றார்.

நான் பதினான்கு வருடமாக ஒளியியல் பாடம் நடத்துகிறேன். தினமும் அந்த மரத்தடியில்தான் வண்டியை நிறுத்துகிறேன். எனக்கு இது ஒருநாளும் தோன்றியதில்லை.

ஐயா, அவர் சொன்னது சரிதானே? 28-ம் தேதி வேட்டித் திரை பக்கத்தில் தானே உட்கார்ந்து வருகிறவர்களுக்குச் சொல்வதாகச் சொல்கிறார்.

முலாம்பட்டறை

முழுக்கச் சரி டீச்சரம்மா. இலைச் சந்து ஒவ்வொன்றும் உங்கள் கண்ணாடியில் வெட்டிய ஓட்டை மாதிரிதான், தரையில் விழும் ஒவ்வொரு வட்டமும் ஒரு சூரியன். கிரகணத்தன்று அதே மரத்தடியில் எல்லாம் பிறையாக விழும்.

அப்பத்தாவிடம் இன்னொன்றும் சொல்லி வையுங்கள். நம் பக்கம் ஏப்ரல் நடுவில் ஒரு நாளும் ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாளும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அன்று மதியம் 12 மணிக்கு இல்லை, 12.15-ஐ ஒட்டி, நட்டு வைத்த உலக்கையின் நிழல் அதன் அடியிலேயே மறைந்துவிடும். ஏப்ரலுக்கு உலக்கை அவர் கொண்டுவரட்டும். 28 அன்று காலை ஏழு மணிக்கெல்லாம் சாமானோடு வந்துவிடுகிறேன், முகப்பைத் திறந்து வையுங்கள்.