ஞானதிருஷ்டி உள்ள நாயகிக்குக் கொலைகாரன் முகம் மட்டும் ஏன் தெரிவதில்லை?

இரவுவாசகி:
லிண்டா ஹோவர்டின் ‘ட்ரீம் மேன்’ (1995) நாவலை நேற்றுதான் முடித்தேன். ஒர்லாண்டோவில் தனியாக வாழும் மார்லி கீன் சினிமா பார்த்துவிட்டுக் காரில் வீடு திரும்பும்போது, எங்கோ நடக்கும் ஒரு கொலை அவள் கண்முன் ஓடுகிறது. போலீஸிடம் போய்ச் சொன்னால், டிடெக்டிவ் டேன் ஹாலிஸ்டர் அவளையே சந்தேகப்படுகிறான். கீழே வைக்க முடியவில்லை. ஆனால் ஒரு உறுத்தல். கத்தி தெரிகிறது, செத்தவள் பட்ட பாடு தெரிகிறது, குத்தியவன் முகம் மட்டும் தெரியாதா? கதையை இழுக்க வசதியாக மறைத்த மாதிரி இருக்கிறது. நோரா ராபர்ட்ஸின் ‘கரோலினா மூன்’ (2000) படித்தபோதும் இப்படித்தான் தோன்றியது. முடிவை உடைக்காமல் யாராவது சொல்லுங்கள்.

பழையபுத்தகம்:
ட்ரீம் மேனில் அது மறைப்பு இல்லை அக்கா. மார்லி பார்ப்பதே கொலைகாரனின் கண் வழியாக. கண்ணாடி முன் நின்றால் தவிர, தன் முகம் தனக்கு எப்படித் தெரியும்? அவன் பார்ப்பதுதான் அவளுக்கும் தெரியும். அதைவிடக் கொடுமை, அந்த நேரத்தில் அவனுக்குள் பொங்கும் வெறியும் அவளுக்குள் இறங்குகிறது. அது முடிந்ததும் அடித்துப்போட்டதுபோல் கிடக்கிறாள். எனக்கு அந்தப் பக்கங்கள்தான் நாவலின் உயிர்.

டேனின் சந்தேகமும் இதிலிருந்தே பிறக்கிறது. அந்த அறைக்குள் இருந்தவருக்கு மட்டுமே தெரிந்த விவரங்களை ஒருத்தி சொன்னால், போலீஸ்காரன் வேறென்ன நினைப்பான்? அப்புறம், கொலைகாரன் பக்கமிருந்தும் கதை சொல்லப்படுகிறதே. யார் அவன் என்பதைவிட, அவள் பேச்சை டேன் எப்போது நம்புவான் என்றுதான் நான் பதறிக்கொண்டு படித்தேன்.

கரோலினா மூன் விஷயத்தில் நீங்கள் சொல்வது ஓரளவு சரி. அங்கே அவளுக்கு எது தெரியும், எது தெரியாது என்ற விதி அவ்வளவு இறுக்கமாக இல்லை. ஆனால் நாயகி டோரியின் குற்ற உணர்வு அதை ஈடுகட்டுகிறது. எட்டு வயதில் தோழி ஹோப்பைச் சந்திக்கப் போக வேண்டிய இரவில் அப்பா பெல்ட்டால் அடித்ததால் போக முடியவில்லை, அன்றே ஹோப் கொல்லப்படுகிறாள். பதினெட்டு வருடம் கழித்து அதே ஊருக்குத் திரும்பி வந்து, ஹோப்பின் அண்ணனையே காதலிக்கிறாள். அந்தப் பாரம் போதாதா?

துப்புத்துலக்கி:
டேன் சந்தேகப்பட்டதை நான் குறை சொல்ல மாட்டேன். 1966 ஜனவரி 26 அன்று ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில், க்ளெனெல்க் கடற்கரைக்குப் போன போமான்ட் வீட்டுக் குழந்தைகள் மூவர் காணாமல் போனார்கள். நெதர்லாந்திலிருந்து ஜெரார்ட் க்ரோய்செட் என்ற ஞானதிருஷ்டிக்காரர் அதே ஆண்டு அங்கே வந்து, ஒரு கிடங்கின் அடியில் தேடச் சொன்னார். மக்கள் பணம் திரட்டித் தோண்டினார்கள். ஒன்றுமில்லை. அந்தப் பெற்றோருக்கு அது எப்படி இருந்திருக்கும்! ட்ரீம் மேன் வந்த அதே 1995-இல்தான், ஞானதிருஷ்டியை உளவுக்குப் பயன்படுத்தப் பார்த்த ஸ்டார்கேட் திட்டத்தையும் அமெரிக்க அரசு பயனில்லை என்று மூடியது. அதனால் மார்லி முதல் நாளே நம்பப்பட்டிருந்தால் எனக்குக் கதையே ஒட்டியிருக்காது.

இரவுவாசகி:
கண் வழியாக என்பதை இவ்வளவு யோசிக்கவில்லை தம்பி, நன்றி. முதல் கொலைக் காட்சியை மறுபடி படிக்கப் போகிறேன். ஆனால் டேன் எல்லாவற்றையும் தானே முடிவு செய்வது எனக்கு ஒத்துவரவில்லை. டோரி தயங்கும்போதெல்லாம் பொறுத்திருக்கும் ஹோப்பின் அண்ணன் கேட் லாவெல்தான் எனக்குப் பிடித்த நாயகன்.