குருகு சாட்சிக்கு வந்தால்?

பதினொன்றாம் வகுப்புத் தமிழாசிரியை: குறுந்தொகை 25, கபிலர் பாட்டு. தலைவியைத் தனியே கூடியபோது தலைவன் சொன்ன சொல் பொய்த்தால் சாட்சிக்கு ஆளில்லை. ஓடுநீரில் ஆரல்மீன் பார்த்து நின்ற குருகு என்ற நீர்ப்பறவைதான் உண்டு. அந்தக் குருகின் வாக்குமூலத்தைப் பேட்லெட்டில் (எல்லாரும் பதிவு போடும் இணையப் பலகை) எழுதச் சொன்னேன். 38 பேரில் பாதிப்பேர் முதலில் போட்டவனைப் பார்த்தே எழுதிவிட்டார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அமைப்புகளில் 'ஒப்புதல்' போட்டு வையுங்க டீச்சர். நீங்க விடும்வரை ஒருத்தர் எழுதினது மத்தவங்களுக்குத் தெரியாது.

பதில்: எழுத்தே வேண்டாமே! என் பிள்ளைங்க குரல்பதிவு செஞ்சாங்க. ஒருத்தி, "நான் மீனைத்தான் பார்த்தேன், அவங்களைப் பார்க்கலை"ன்னுட்டா. வகுப்பே அடங்கிப்போச்சு.

ஆசிரியை: அடடா, தலைவி பாவம்! ஒப்புதல் போட்டுட்டேன். செல்போன் இல்லாத நாலு பேர் தாள்ல எழுதுறாங்க. படமெடுத்து நானே ஏத்திடுவேன்.