‘வயசாயிட்டுல்லா’ என்று விட்டுவிடாதீர்கள்: பெரியவர்களின் மறதி, எங்கள் அனுபவங்கள்

தென்காசிப் பக்கம், மருமகள்:

எங்கள் அத்தைக்கு 72 வயது. பீடி சுற்றியே மூன்று பிள்ளைகளையும் ஆளாக்கியவர். பள்ளிக்கூடம் போகாவிட்டாலும் பீடிக்கடையில் ஒரு கட்டு கணக்குப் பிசகினால் அங்கேயே கேட்டு வாங்கிவிடுவார். அப்படிப்பட்டவர், இன்று என்ன கிழமை என்று கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்க ஆரம்பித்தார். திண்ணையில் போய் உட்காருவது நின்றது. கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டால், “நீங்க போயிட்டு வாங்க” என்பார். சொந்தபந்தம் எல்லாருக்கும் ஒரே பதில்தான்: “வயசாயிட்டுல்லா, அப்படித்தான் இருக்கும்.”

முதலில் பார்த்த டாக்டரும் அதையே சொல்லி, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். எனக்கு மனசு ஆறவில்லை. முகத்துக்கு நேரே நின்று பேசினால் அத்தை சரியாகத்தான் பதில் சொல்வார். அடுப்பைப் பார்த்தபடி, “மருந்து சாப்பிட்டீங்களா அத்தை?” என்று கேட்டால், “சந்தைக்கா? யாரு போனா?” என்பார். மிக்ஸி ஓடினால் பேச்சே கிடையாது.

அடுத்துப் பார்த்த டாக்டர் வைட்டமின் பி12, தைராய்டு இரண்டுக்கும் ரத்தம் எடுத்தார். அந்தக் குறைகளாலும் மறதி வருமாம், அவற்றைச் சரிசெய்துவிடலாமாம். ஞாபகத்தைச் சோதிக்க, 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்கள், படம் வரையச் சொன்னார்கள். பேனாவே பிடிக்காத கை என்ன வரையும்? பள்ளி போகாதவர்களுக்குத் தோதாக ஒரு தேர்வை இந்தியில் 1990-களிலேயே உருவாக்கியிருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் படிக்காதவர் என்றால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மதிப்பெண் குறைந்ததற்குப் படிப்பில்லாததுகூடக் காரணமாக இருக்கலாம்.

அப்புறம் காதுப் பரிசோதனை. சத்தம் புகாத அறையில் ஹெட்போன் மாட்டி, பீப் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார்கள். கீச்சென்ற மெல்லிய ஒலிகள் இரண்டு காதிலும் விழவே இல்லை. சோதித்த ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) பொறுமையாக விளக்கினார். இப்படி இருந்தால் குரல் கேட்கும், சொல் பிடிபடாது. சொல்லைப் பிடிப்பதற்கே மூளை பாடுபட்டால் நினைவில் வைக்கத் தெம்பு இருக்காது. பேச்சு புரியாதவர்கள் ஆட்களை விட்டு ஒதுங்குவார்கள், ஒதுங்கினால் மூளைக்கு வேலை இன்னும் குறையும். லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் டிமென்ஷியா என்கிற மறதி நோய்க்கு மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சொன்னது. அத்தனையையும் சரிசெய்ய முடிந்தால் உலகில் டிமென்ஷியாவில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்பது அதன் கணக்கு. அதில் காது கேளாமைக்கு மட்டும் 7 சதவீதம்.

காது கேட்க உதவும் மெஷினை மாட்டினால் மறதியே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2023-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், மூன்று வருடம் பார்த்தும் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மறதி வரும் ஆபத்து ஏற்கெனவே கூடுதலாக இருந்தவர்களிடம் மட்டும் அறிவுத்திறன் குறையும் வேகம் ஏறக்குறைய பாதியானது.

அத்தைக்கு முதலில் மெஷின் பிடிக்கவே இல்லை. தட்டு வைக்கிற சத்தம்கூட இடி மாதிரி இருக்கிறது என்று கழற்றிச் சுருக்குப்பையில் போட்டுவிடுவார். காலையில் வீடு அமைதியாக இருக்கும் நேரத்தில் மட்டும் மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்கினோம். கிழமை கேட்பது இன்னும் முழுசாக நிற்கவில்லை. ஆனால் திண்ணைக்குப் போகிறார், பழையபடி வம்பும் பேசுகிறார். எனக்கு அது போதும்.

திருச்சி, ஓய்வுபெற்ற செவிலியர்:

ஒன்று சேர்க்கிறேன். நேற்று வரை நன்றாக இருந்தவர் ஓரிரு நாளில் ஆளே மாறிப்போனால் அதை மறதி நோய் என்று முடிவு கட்டாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். எங்கள் வார்டில் ஒரு விவசாயித் தாத்தா, பொழுது சாய்ந்தால் டிரிப்ஸைப் பிடுங்கிக்கொண்டு, “மடையை அடைச்சாச்சா?” என்று எழுந்து ஓடப் பார்ப்பார். ரத்தத்தில் சோடியம் இறங்கியிருந்தது. அதை மெல்ல ஏற்றியதும் தெளிந்துவிட்டார். சில பிரஷர் மாத்திரைகளாலும் சோடியம் குறையும், சிறுநீர்த் தொற்றும் இப்படி ஆளைக் குழப்பும்.

நடுவயதுக்காரர்களுக்கும் சொல்கிறேன். பிரஷரும் சுகரும் மூளையின் ரத்தக்குழாய்களை வலியே இல்லாமல் கெடுக்கும். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வாங்கி வைத்துக்கொண்டு, “நல்லாத்தானே இருக்கேன்” என்று விழுங்காமல் இருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கோவை, மகன்:

அம்மா போன பிறகு அப்பாவுக்கு எல்லாமே மறந்தது. கேஸ் அடுப்பை அணைக்க மறந்தார், குளித்தோமா என்பதே தெரியாது. பயந்துபோய்க் கூட்டிப்போனால், பெரிய காரணம் மனச்சோர்வு என்றார்கள். மில்லில் ஷிப்ட், வீட்டில் அம்மா, அவ்வளவுதான் அவர் உலகம். பேச வேறு ஆளே இல்லை. மருந்தோடு, சாயங்காலம் பழைய மில் நண்பர் ஒருவருடன் டீக்கடை வரை நடக்க வைத்தோம். அந்த நண்பர் வராத நாளில் அப்பா சாப்பாட்டைக்கூடச் சரியாகத் தொடமாட்டார். மறதி கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அடுப்பை இப்போது அவரே அணைக்கிறார்.

தென்காசி அக்கா, காது மெஷின் அரசாங்கத்தில் கிடைக்குமா?

தென்காசிப் பக்கம், மருமகள்:

கிடைக்கும் தம்பி. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவசமாகத் தருகிறார்கள். முதலில் அரசு மருத்துவமனையில் காதுப் பரிசோதனை செய்து மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். ஆதார் அட்டையையும் போட்டோவையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.