பழைய பியானோவுக்குப் பொலிஷ்: உங்களுக்கு நடந்தது என்ன?

வெள்ளவத்தை:
மகளுக்கெண்டு வாங்கின பழைய ஜெர்மன் பியானோ. மூடி முழுக்கக் கறுத்து, கைபட்ட இடமெல்லாம் பிசுபிசுப்பு. அழுக்கெண்டு நினைச்சு, ஸ்பிரிட் நனைச்ச துணியாலை ஒரு இழுவை இழுத்தன். துணியைத் திருப்பிப் பாத்தா பொன் தூள். மூடியிலை இருந்த கம்பனிப் பேரிலை முதல் மூண்டு எழுத்து துணிக்கு வந்திட்டுது! பக்கத்திலை நிண்ட மகள் ஒண்டும் சொல்லேல்லை. மிச்ச எழுத்தை உள்ளங்கையாலை பொத்திக்கொண்டு நிண்டாள். இப்பவும் மூடியைத் திறந்தா என்ரை கண் அங்கைதான் போகுது.

கொட்டாஞ்சேனை:
அக்கா, பிழை ஸ்பிரிட்டிலும்தான், தேய்த்த இடத்திலும்தான். பழைய பியானோக்களில் பெரும்பாலும் ஷெல்லாக், அதாவது அரக்குப் பொலிஷ். ஸ்பிரிட் பட்டால் கரையும். லாக்கர் என்கிற பூச்சு என்றால் அதற்குரிய தின்னரில் கரையும். இப்போதைய கறுத்த, கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் பியானோக்களில் பொலியெஸ்டர் பூச்சு, ரெண்டுக்கும் அசையாது. முதலில் கண்ணில் படாத மூலையில் ஒரு துளி ஸ்பிரிட் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் அரக்கு. எழுத்துள்ள பலகைக்கு தண்ணீரில் நனைத்து இறுக்கிப் பிழிந்த துணி மட்டும் போதும். தளபாடத்துக்கு அடிக்கிற சிலிக்கன் ஸ்பிரே வேண்டவே வேண்டாம். நான் ஒரு வருசம் அடித்தேன். பிறகு பூசின பொலிஷ் ஒட்டாமல் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி குழியாக விலகிப்போனது.

தெஹிவளை:
தம்பி, எந்த மூலை எண்டும் சொல்ல வேணும். உள்பக்கத்திலை பல பியானோவுக்குப் பொலிஷே இல்லை, வெறும் மரம். பின்காலுக்குப் பக்கத்திலை, வெளியிலைதான் பாக்க வேணும்.
எங்கடை வீட்டிலை ஐப்பசி மழைக்குள்ளை அவசரப்பட்டுப் பூசுவிச்சம். பின்னேரம் பாத்தா பால் ஊத்தின மாதிரி வெள்ளை. ஸ்பிரிட் பறக்கேக்கை மேற்பரப்பு குளிருது, காத்திலை உள்ள ஈரம் அதிலை படியுது. வெயில் வந்த பிறகு பொலிஷ் பூசின மொரட்டுவைப் பாஸ் (தச்சர்) திரும்ப வந்தார். பஞ்சைத் துணியிலை பொதிஞ்சு, ஸ்பிரிட் தொட்டு, தன்ரை கன்னத்திலை ஒத்திப் பாத்தார். குளிர் தெரிய வேணும், ஈரம் தெரியக்கூடாது எண்டார். பிறகு நிக்காமல் ஒரே வீச்சு. வெள்ளை போன இடம் தெரியேல்லை. அந்தக் கன்னத்தை நான் மறக்கேல்லை.

வெள்ளவத்தை:
பின்காலிலை தொட்டுப் பாத்தன் அண்ணை, ஒட்டுது. அரக்குத்தான். மழை விட்ட பிறகு மூடியின்ரை மேல்பக்கம் மட்டும் செய்விக்கப் போறன். புது எழுத்து ஒட்டலாம் எண்டு கடையிலை சொன்னவை. மகள் வேண்டாமாம்.