பழைய வண்ணாரப்பேட்டையில் கட்டட இடிபாடுகளை அகற்ற உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டின் பின்கட்டை இடித்துப் புதுப்பித்து வருகிறோம். மர உத்தரங்கள் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை இட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் தளம் என்பதால் சுண்ணாம்புக் காரையும் செங்கல் துண்டுகளும் ஏறக்குறைய இரண்டு யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி) அளவுக்கு வாசலில் குவிந்துள்ளன. சிமெண்டுச் சாக்குகளில் கட்டி வைத்தும், அவற்றின் தையல் வழியே கசியும் காரைத் தூள் எதிர்வீட்டுப் பெரியவருக்கு இருமலை வரவழைப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

எங்கள் தெருவில் டிப்பர் லாரி நுழையாது. ஆகவே, ரப்பீஷ் (இடிபாடு) அள்ள ஆட்களுடன் டாடா ஏஸ் வண்டி அனுப்புபவர்களோ, ஓரிரு நாள் நிறுத்தி வைத்து நிரப்பக்கூடிய இரும்புத் தொட்டியை வாடகைக்குத் தருபவர்களோ இருந்தால், லோடுக்கு என்ன வாங்குகிறார்கள், ஏற்றுகூலி அதில் அடங்குமா என்ற விவரத்துடன் தெரிவிக்க வேண்டுகிறேன்.

விசாரித்த ஒருவர், இரவோடு இரவாகக் கால்வாய்க் கரையில் கொட்டிவிடுவதாகக் கூறினார், நான் மறுத்துவிட்டேன். கேப்டன் காட்டன் கால்வாய் தூர்ந்தால் மழைக்காலத்தில் தண்ணீர் ஏறுவது நம் பகுதி வீடுகளில்தான். கொடுங்கையூரில் மாநகராட்சியின் இடிபாடு மறுசுழற்சி நிலையம் இருக்கும்போது, அங்கே ஒப்படைத்து ரசீது தருபவர்களையே நாடுகிறேன். மாநகராட்சியின் 1913 புகார் எண்ணில் பதிவு செய்து அகற்றியவர்கள், வண்டி வர எத்தனை நாள் ஆயிற்று என்பதைச் சொல்லுங்கள்.

கட்டுமானக் கழிவு தொடர்பான விதிகள் சொன்னபடி செங்கல், இரும்பு, மரம் ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்துவைத்துள்ளோம். தேக்கு உத்தரங்களை நியாயமான விலைக்கு எடுக்கும் பழைய மரக்கடை அருகில் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள்.