17 வருடங்களின் பின் மீண்டும் வந்த அரிய மார்பகக் கட்டி: அனுபவமுள்ளவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். வெள்ளவத்தையிலிருந்து என் தங்கைக்காக எழுதுகிறேன். அவளுக்கு 14 வயதில் மார்பிலிருந்து அகற்றப்பட்ட சிறு கட்டி, செக்ரிட்டரி கார்சினோமா எனப்படும் மிக அரிதான புற்றுநோய் என்று அறிக்கை வந்தது. மெதுவாக வளரும் வகை என்பதால், ஐந்து வருடக் கண்காணிப்பின் பின் இனி கிளினிக்குக்கு வரத் தேவையில்லை என்றார்கள். இப்போது 17 வருடங்கள் கழித்து, பழைய தழும்பின் அருகிலேயே கட்டி மீண்டும் தோன்றியிருக்கிறது.

1966 இல் சிறுவர்களிடம் முதன்முதலில் விவரிக்கப்பட்ட இந்நோய் பெரும்பாலும் குணமாகிவிடும் என்றாலும், இருபது வருடங்கள் கடந்தும் அதே இடத்திலோ அக்குளிலோ மீளக்கூடும் என்பதை இப்போதுதான் வாசித்து அறிந்தேன். அன்றே யாராவது சொல்லியிருந்தால் வருடந்தோறும் ஸ்கான் செய்திருப்போமே என்ற எண்ணம் என்னை உறங்கவிடவில்லை.

இக்கட்டிகளில் பெரும்பாலானவற்றில் ஈ.ரி.வி.6, என்.ரி.ஆர்.கே.3 என்னும் இரு மரபணுக்கள் ஒன்றாக இணைந்திருக்கும். அந்த இணைப்பு உறுதியானால், சத்திரசிகிச்சையால் மட்டும் கட்டுப்படுத்த முடியாத நிலையில், 2018 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லாரோட்ரெக்டினிப் என்ற மருந்துக்கு இடமுண்டு.

ஆகவே, இந்த மரபணு இணைப்பைக் கண்டறியும் பரிசோதனையைக் கொழும்பில் செய்வித்தவர்கள், அல்லது பயொப்சி (கட்டியிலிருந்து எடுத்த திசு) மாதிரியைச் சென்னைக்கு அனுப்பியவர்கள் இருந்தால், நடைமுறையைத் தயவுசெய்து கூறுங்கள். அன்று அகற்றிய கட்டியின் திசுவைப் பதித்து வைத்த பழைய மெழுகுத் துண்டங்களை வைத்தியசாலையிலிருந்து பெறுவது எப்படி? இளவயதில் இந்நோய் வந்து, நீண்டகாலத்தின் பின் அது திரும்பவும் தோன்றி, மறுபடி சிகிச்சை பெற்ற ஒருவருடனாவது பேச முடிந்தால் தங்கைக்குப் பெரும் தெம்பாக இருக்கும். அடுத்த வாரம் சத்திரசிகிச்சை நிபுணரைச் சந்திக்கிறோம்.