‘ராட்ச்காட்ல்’ என்னும் பாத்திரத்துக்குத் தமிழ்ச்சொல்: ‘ஊர்வாய்க்காரி’

அன்புடையீர், வணக்கம்.

தென் ஜெர்மனியின் பவேரிய நாட்டார் அரங்கில் ஊர்க்கதையை ஓயாமல் பேசும் பெண்ணாக வரும் ‘ராட்ச்காட்ல்’ பாத்திரத்தைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற கேள்விக்கு விடையாக இங்கே ‘கோள்சொல்லி’, ‘புறங்கூறி’, ‘வம்புக்காரி’ என்னும் மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் என்னால் ஏற்க இயலவில்லை; அதற்கான காரணம் மூலச்சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது.

‘ராட்ச்ன்’ என்பது முதலில் ஒரு மரக்கருவியின் பெயர். கைப்பிடியைச் சுழற்றும்போது பல்சக்கரத்தின்மேல் மரநாக்கு தாவித் தாவி அடித்துக் கடகடவென ஒலிக்கும். இயேசுவின் பாடுகளை நினைவுகூரும் பெரிய வியாழன் முதல் அவர் உயிர்ப்பைக் கொண்டாடும் பாஸ்கா இரவு வரை கத்தோலிக்கக் கோயில் மணிகள் ஒலிப்பதில்லை. அவை உரோமைக்குப் பறந்துவிட்டன என்று குழந்தைகளுக்குச் சொல்வார்கள். அந்நாள்களில் பீடச் சிறுவர்கள் (வழிபாட்டில் பாதிரியாருக்கு உதவும் சிறுவர்கள்) இக்கருவியைச் சுழற்றியபடி தெருத்தெருவாகச் சென்று மக்களை வழிபாட்டுக்கு அழைப்பது பவேரியக் கிராமங்களின் வழக்கம். (நம் கத்தோலிக்கக் கோயில்களிலும் அப்போது மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத்தான் தட்டுகிறார்கள்.) ஓயாமல் பேசும் பெண்ணுக்கும் இக்கருவியின் பெயரே வந்தது, ‘காட்ல்’ என்பது கத்தரீனாவின் செல்லக் குறுக்கம். ஆகவே அச்சொல்லில் அடங்கியிருப்பது ஓயாத ஒலியேயன்றித் தீய நோக்கம் அன்று.

கோள் சொல்பவளுக்கு ஒருவரைக் கெடுக்கும் எண்ணம் உண்டு. புறங்கூறுபவள் மறைவில் பேசுகிறாள். ராட்ச்காட்லோ சந்தை நடுவில், எல்லார் காதிலும் விழும்படி பேசுகிறாள். மியூனிக்கின் நகைச்சுவை நடிகை ஈடா ஷூமாஹர் (1894–1956) இப்பாத்திரத்தால் பெரும்புகழ் பெற்றவர். அவர் நினைவாக ஒரு நீரூற்று நிற்பதும் விக்டுவாலியன்மார்க்ட் என்னும் சந்தையில்தான். தீயவள் என்று கருதியிருந்தால் ஒரு நகரம் அவளை இவ்வளவு அன்போடு நினைவில் வைத்திருக்காது என்றே நினைக்கிறேன். ‘வம்புக்காரி’ இன்றைய வழக்கில் சண்டைக்கு நிற்பவளையே குறிப்பதால் அதுவும் பொருந்தாது.

‘அலர்’ என்ற பழஞ்சொல்லையும் எண்ணிப் பார்த்தேன். திருக்குறளின் 115ஆம் அதிகாரம் அதற்கென்றே அமைந்தது. ஆனால் அலர் காதலைப் பற்றிய ஊர்ப்பேச்சு. இவளோ வெண்ணெய் விலையையும் பாதிரியாரின் சமையற்காரியையும் ஒரே மூச்சில் பேசுபவள்.

எனவே ‘ஊர்வாய்க்காரி’ என்னும் சொல்லை முன்மொழிகிறேன். உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாது என்று நாம் சொல்லும்போது ஊரே ஒரு வாயாகிறது. அந்த வாயை மேடையில் ஒருத்தியாக நிறுத்துவதே இப்பாத்திரத்தின் பணி. மேடைக்கு வெளியே நடந்ததை அவையோருக்குத் தெரிவிப்பதும், அரைகுறையாகக் கேட்டதை முழுக்கதையாக்கிக் குழப்பத்தை விளைவிப்பதும் இவள் வழியாகவே நிகழ்கின்றன. பாத்திரவகையைச் சுட்டும் இடங்களில் ‘ஊர்வாய்க்காரி’ என்றும், ஷூமாஹரின் பாத்திரத்தைச் சுட்டும்போது அது பெயராகிவிடுவதால் ‘ராட்ச்காட்ல்’ என்றும் எழுதலாம். ‘ராட்சென்’ என்னும் வினைக்குப் புதுச்சொல் தேவையில்லை. திண்ணையில் அமர்ந்து ‘வம்பளத்தல்’ என்று நாம் சொல்வது அப்படியே பொருந்துகிறது.